குயிலை வளர்த்த காகம்

சமைத்த அன்னத்தில் முதற்பிடியைக் காகத்துக்கு வைத்த பின்னரே உண்ணும் வழக்கம் மாட்டுங்காவின் தமிழ் இல்லங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. எங்கள் இல்லத்திலும் அவ்வாறே. சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள், ஜன்னலில் வைத்த அன்னத்தைக் கவ்விய காகம் எதிரேயுள்ள தூங்குமூஞ்சி மரத்துக்குச் சென்று ஒரு குஞ்சுக்கு ஊட்டியது. குஞ்சின் இறகெங்கும் வெண்புள்ளிகள். அது குயிற்குஞ்சு!

அப்போது உடனிருந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். மனைவியை இழந்தவர், ஒரே மகன் அயல்நாட்டில். "காகத்துக்குத்தான் அறிவில்லை. நமக்கு என்ன வந்தது?" என்றார் அவர். என்னால் உடனே விடை கூற இயலவில்லை.

குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிட்டு அகன்றுவிடுகிறது. காக முட்டைகளுக்குச் சில நாட்கள் முன்னரே குயில் முட்டை பொரிந்துவிடும். முந்திப் பிறந்தது முந்தி உண்கிறது. ஐரோப்பியக் குயிலின் குஞ்சு மற்ற முட்டைகளைக் கூட்டிலிருந்து தள்ளிவிடும். நம் நாட்டுக் குயிலோ பெரும்பாலும் காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்கிறது. விரிந்த அலகைக் கண்டதும் ஊட்டுவது காகத்தின் இயல்பு. இதனைத் தியாகம் என்று போற்றலாமா? தேர்ந்து செய்யாத செயலில் அறம் ஏது என்று ஒருவர் வினவினால் அதில் நியாயம் உண்டு.

மேலும், இதே காகம் சிறு பறவைகளின் முட்டைகளைத் திருடித் தின்னும். ஆனால் கூட்டருகே பருந்து வந்தால் அக்கம்பக்கத்துக் காகங்கள் யாவும் திரண்டு துரத்தும். வள்ளுவர் 'சுற்றந்தழால்' அதிகாரத்தில் காகத்தைக் கூறியது எத்துணைப் பொருத்தம்! எனவே பறவையிடம் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பது கற்பவனின் விவேகத்தையே சார்ந்தது.

ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் வரும் அவதூதர் தமக்கு 24 குருமார்கள் என்கிறார். அவர்களுள் ஒன்று புறா. வேடனின் வலையில் குஞ்சுகள் சிக்கியதைக் கண்ட தாய்ப்புறா தானும் வலையில் வீழ்கிறது. பின்னர் தந்தைப்புறாவும் வீழ்கிறது. குஞ்சுகளும் பிழைக்கவில்லை. இங்கே குரு கற்பித்தது, செய்யக் கூடாததை. பாசம் மிகுந்தால் காப்பதற்குக் கூட ஒருவரும் எஞ்சுவதில்லை.

காகமோ சில வாரங்கள் ஊட்டிவிட்டு நிறுத்திவிடுகிறது. குஞ்சு கெஞ்சினாலும் விலகிப் பறக்கிறது. ஊட்டியதும் வளர்ப்புதான், நிறுத்தியதும் வளர்ப்புதான். ஏமாற்றப்பட்ட தாய் என்று நாம் இரங்குகிறோம். குயில் திரும்பி வந்து நன்றி கூறும் என்று எண்ணி அது ஒரு பருக்கையையும் கொண்டுசென்றதில்லை. கணக்கு வைத்தது நாம்தான். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

சில நாட்களில் மரத்தில் குஞ்சைக் காணவில்லை. பெரியவர் வந்து கேட்டார்: "அது போன பிறகு காகம் என்ன செய்தது?"

"மறுநாளும் வந்து சோறு தின்றது" என்றேன்.

அவர் நெடுநேரம் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மகனுக்கு அங்கே இப்போது என்ன நேரமாயிருக்கும் என்று கேட்டார்.