‘ஆம்’ என்று எழுதலாமா?

போன வருஷம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு டீக்கடை. எதிரில் உட்கார்ந்திருந்த தம்பி, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு ஃபார்மை எடுத்து டேபிள் மேல் வைத்தார். எல்லாக் கட்டத்தையும் அழகாக நிரப்பியிருந்தார். ஒரே ஒரு கேள்விக்கு நேராக மட்டும் பென்சிலில் சின்னதாக ஒரு புள்ளி.

“நீங்க பி.காம். படிச்சவர்தானேண்ணே... இதுல என்ன எழுதட்டும், சொல்லுங்க.”

எடுத்துப் பார்த்தேன். ‘உங்களுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக எப்போதாவது கண்டறியப்பட்டுள்ளதா? ஆம் / இல்லை.’

டீ ஆறிப் போனது.

தம்பி என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பழக்கத்தில் வந்த தம்பி. அவர் ஊரையும் தொழிலையும் இங்கே சொல்லப்போவதில்லை; நீங்களும் தேடாதீர்கள். சொந்தமாகத் தொழில் செய்கிறார், மனைவி வேலைக்குப் போகிறார், மகள் எட்டாவது படிக்கிறாள் என்பது மட்டும் போதும். பல வருஷங்களுக்கு முன் இருமல் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டி.பி. என்றார்கள். கூடவே இன்னொரு ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். அன்றிலிருந்து ராஜாஜி அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து சிகிச்சை. இப்போது தினமும் ஒரு மாத்திரை. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்கிறது ரிப்போர்ட். மனைவிக்கும் மகளுக்கும் தொற்று இல்லை.

ஊமச்சிகுளம் தாண்டி ஒன்றரை சென்ட் குறைவாக மூன்று சென்ட் மனை வாங்கிப் போட்டிருந்தார். வீடு கட்ட 18 லட்ச ரூபாய் லோன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனார். அங்கேதான் இந்த ஃபார்மைக் கொடுத்திருக்கிறார்கள். கடன் முடிவதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், மீதிக் கடனை இன்சூரன்ஸ் கம்பெனி வங்கிக்குக் கட்டிவிடும். குடும்பத்துக்கு வீடு மிஞ்சும். நல்ல ஏற்பாடுதான். அந்தப் பென்சில் புள்ளியைத் தாண்ட முடிந்தால்!

ஃபார்மைக் கொடுத்த ஏஜென்ட் கெட்டவர் இல்லை. காதோடு காதாக ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறார். “பேசாம ‘இல்லை’ன்னு போடுங்க சார். மூணு வருஷம் ஓட்டிட்டீங்கன்னா அப்புறம் யாரும் கேட்க முடியாது.”

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 1938-ம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு, 2015-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அப்படித்தான் சொல்கிறது. ஆயுள் காப்பீட்டு பாலிசி தொடங்கி மூன்று வருஷம் ஆகிவிட்டால், எந்தக் காரணத்தைச் சொல்லியும் அதைச் செல்லாது என்று கம்பெனி வாதாட முடியாது. நம்ம தம்பியோ இருபது வருஷம் தாராளமாக இருப்பார் போலிருக்கிறார்.

“யாருக்கும் கெடுதல் இல்லாத நல்லதுக்காகப் பொய் சொல்லலாம்னு வள்ளுவரே வழி விட்டிருக்காரேண்ணே” என்றார், பாதி சிரிப்பாக.

இனி நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் என்றால் என்ன எழுதச் சொல்வீர்கள்?

அவசரப்பட வேண்டாம். முதலில் கம்பெனி பக்கத்து நியாயத்தையும் பார்த்துவிடுவோம்.

இன்சூரன்ஸ் என்பது புரியாத வித்தை இல்லை. நம்ம பக்கத்துச் செய்முறை மாதிரிதான். ஊரில் ஒரு வீட்டில் விசேஷமோ துக்கமோ என்றால் எல்லாரும் கொண்டுபோய்ச் செய்கிறோம். நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறார்கள். நாளைக்கு நம் வீட்டுக்கு அது திரும்பி வரும். ஆயிரம் பேர் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டால் ஒரு லட்சம். அந்த வருஷம் யார் வீட்டில் சாவு விழுந்ததோ, அந்த வீட்டுக்குப் போகும். அவ்வளவுதான் விஷயம். இதில் ஒருவர் தன் உடம்பைப் பற்றி மறைத்துவிட்டுச் சேர்ந்தால், அவர் ஏமாற்றுவது கோட்டு சூட்டுப் போட்ட அதிகாரியை இல்லை. நூறு ரூபாய் போட்ட மற்ற 999 பேரை. அதனால்தான் கல்லூரியில் எங்களுக்கு முதல் பாடமாகவே இதைச் சொல்லித் தந்தார்கள்: மற்ற வியாபாரத்தில் வாங்குகிறவன் உஷாராக இருக்க வேண்டும், இன்சூரன்ஸில் இரண்டு பேரும் ஒளிவுமறைவில்லாமல் இருக்க வேண்டும். முழு நம்பிக்கையில் எழுதப்படும் ஒப்பந்தம் அது.

மூன்று வருஷத்துக்குள் தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? லாரி மோதலாம், காய்ச்சல் வரலாம். கம்பெனி பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைத் தோண்டி எடுக்கும். ‘மறைத்துவிட்டார்’ என்று பணத்தை நிறுத்தும். பொய் சொன்னவர் போய்ச் சேர்ந்திருப்பார். தண்டனை அனுபவிப்பது அவர் மனைவி. வள்ளுவர் போட்ட நிபந்தனை இங்கேதான் இடிக்கிறது. யாருக்கும் கெடுதல் இல்லை என்று யார் சொன்னது?

ஆக, பொய் தப்பு. கதை முடிந்ததா? இல்லை. பாதிதான் வந்திருக்கிறோம்.

‘ஆம்’ என்று எழுதினால் என்ன நடக்கும்? தம்பிக்கு அனுபவம் உண்டு. முன்பு ஒரு தடவை வேறொரு நிறுவனத்தில் உண்மையை எழுதிப் பார்த்திருக்கிறார். ‘ஏற்க இயலவில்லை’ என்று ஒரே வரி. மாத்திரை சாப்பிடுகிறாரா, வைரஸ் அளவு என்ன, எத்தனை வருஷமாக வேலைக்கு லீவு போடாமல் இருக்கிறார்... ஒன்றும் கேட்கவில்லை.

“எங்க தெருவுல ஒருத்தருக்கு சுகர் முந்நூறுண்ணே. அவருக்குக் கூடுதலாப் பிரீமியம் போட்டு பாலிசி குடுத்திருக்காங்க. எனக்கும் கூடப் போடட்டும், கட்டுறேன். ஓசியிலயா கேக்குறேன்? கணக்கே பார்க்காம வேணாம்ங்கிறாங்களே, அதுதாண்ணே...” என்று நிறுத்திக்கொண்டார்.

அந்த ‘கணக்கே பார்க்காமல்’தான் இந்த வாரம் முழுக்க என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அன்றைக்கு மருந்து இல்லை. அன்றைக்கு ஒரு கம்பெனி ‘முடியாது’ என்று சொன்னதைக் கணக்கு என்றே ஒப்புக்கொள்ளலாம். 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாக வந்தது. 2017-ல், தொற்று தெரிந்ததுமே எல்லோருக்கும் சிகிச்சை என்று ஆனது. இன்றைக்கு சீக்கிரமே கண்டுபிடித்து, மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறவரின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்துவிட்டது. வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறவரிடமிருந்து உடலுறவு மூலம் இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை என்பதும் நிரூபணமாகிவிட்டது. மருத்துவம் எங்கேயோ போய்விட்டது. ஃபார்ம் மட்டும் 1986-லேயே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். பெரிய தொகை என்றால் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். சின்னத் தொகைக்கும் கடனோடு ஒட்டிவரும் குரூப் பாலிசிக்கும் பெரும்பாலும் நம் கையெழுத்தே போதும். தொற்று இருந்தும் பரிசோதனையே செய்துகொள்ளாத ஒருவர் அங்கே ‘இல்லை’ என்று எழுதினால், அது பொய்கூட இல்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சிகிச்சையும் இல்லாத அந்த ஆள் உள்ளே வந்துவிடுவார். தைரியமாகப் பரிசோதனை செய்து, வருஷக்கணக்கில் மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறவர் வெளியே நிற்பார். எந்த ஆள் கம்பெனிக்கு ஆபத்து? தெரிந்துகொள்ளாதே, தெரிந்தாலும் சொல்லாதே என்றுதானே இந்த ஃபார்ம் ஊருக்குப் பாடம் எடுக்கிறது?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற இடத்துக்கு என்ன பெயர் தெரியுமா? ‘நம்பிக்கை மையம்’. அங்கே போய் உண்மையைத் தெரிந்துகொண்டு வா என்கிறோம். தெரிந்துகொண்டு வந்தவரிடம், நம்பிக்கையின் பேரில் நடக்கும் ஒரு வியாபாரம் கதவைச் சாத்துகிறது.

இது புதுக் கதையும் இல்லை. 1818-ல் கல்கத்தாவில் ஓரியன்டல் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஆரம்பமானது. இந்த மண்ணில் அதுதான் முதல். யாருக்காக? இங்கே இருந்த வெள்ளைக்காரர்களுக்காக. அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் இந்தியர்களைச் சேர்த்தாலும் கூடுதல் பிரீமியம் வசூலித்தார்கள். இந்தியனாகப் பிறந்ததே ஒரு வியாதி மாதிரி! 1870-ல் பாம்பே மியூச்சுவல் வந்துதான் இந்திய உயிருக்கும் சாதாரண விலையே என்றது. நம் தாத்தாவுக்குத் தாத்தா எல்லாம் ஒரு காலத்தில் அந்தப் பென்சில் புள்ளிக்கு வெளியே நின்றவர்கள்தான். மறந்துவிட்டோம்.

நம் நாட்டுச் சட்டம் மறக்கவில்லை. 1995-ல், எல்.ஐ.சி.க்கு எதிராக ஒரு நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மலிவான ஒரு பாலிசியை அரசு ஊழியர் மாதிரி நிலையான சம்பளக்காரர்களுக்கு மட்டும் என்று வைத்தது செல்லாது என்றது. 2017-ல் எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. தொற்று இருக்கிறது என்பதற்காக ஒருவருக்கு இன்சூரன்ஸை மறுப்பதும், அதில் நியாயமில்லாமல் நடத்துவதும் பாகுபாடு என்கிறது அது. ஒரே ஒரு விதிவிலக்கு: ஆயுள் கணக்கீட்டு ஆய்வு அந்த மறுப்புக்கு ஆதாரமாக இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த விதிவிலக்குதான். எல்லாரையும் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்று அது கம்பெனியைக் கட்டிப்போடவில்லை. வேண்டாம் என்று சொல். ஆனால் கணக்கைக் காட்டிவிட்டுச் சொல் என்கிறது. பயத்தைக் காட்டாதே, அருவருப்பைக் காட்டாதே, கணக்கைக் காட்டு!

கணக்குப் போட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ‘ஆல்லைஃப்’ என்று ஒரு நிறுவனம், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கே ஆயுள் காப்பீடு விற்கிறது. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, மருந்தை விடக் கூடாது என்பது நிபந்தனை. பாலிசிக்காரர் உயிரோடு இருந்தால் கம்பெனிக்கும் லாபம் என்பதால் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள். தர்மம் இல்லை, வியாபாரம்தான். இங்கேயும் ஓர் அசைவு தெரிகிறது. 2023 பிப்ரவரியில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. ஆனால் அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு. தம்பி கேட்பது, தான் இல்லாத காலத்தில் வீட்டுக்கு ஒரு காவல்.

சரி, டீக்கடைக்கு வருவோம். நான் என்ன சொன்னேன்?

“‘ஆம்’னே எழுதுங்க தம்பி. கூடவே கடைசி ரிப்போர்ட்டையும் டாக்டர் லெட்டரையும் வெச்சுக் குடுங்க” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “உண்மை சொல்றதுக்கும் கையில காசு வேணும்ண்ணே” என்றார்.

சுருக்கென்றது. கட்டப்போவது என் வீடு இல்லை. கடன் என் பெயரில் இல்லை. அடுத்தவர் வாயால் உண்மை பேசுவது ரொம்பச் சுலபம். அவர் அன்றைக்கு ‘இல்லை’ என்று எழுதியிருந்தால், அது தப்பு என்று சொல்லியிருப்பேன். அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. உண்மையைச் சொல்வது ஒருவர் கடமை என்றால், அதைக் காது கொடுத்துக் கேட்பது எதிரில் இருப்பவர் கடமை. கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலைப் படிக்காமலே கதவைச் சாத்துகிறவருக்கு, ‘என்னிடம் மறைத்துவிட்டாயே’ என்று கோபப்பட என்ன உரிமை இருக்கிறது? நம்பிக்கை ஒருவழிப் பாதை இல்லை.

தம்பி ‘ஆம்’ என்றே எழுதினார். அதே ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. ஆனால், வீட்டுக் கடனுக்கு இன்சூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மனைவியையும் கடனில் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வங்கி பணம் கொடுத்துவிட்டது. வருஷம் 436 ரூபாயில், மருத்துவப் பரிசோதனை கேட்காத பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் சேர்ந்திருக்கிறார். இரண்டு லட்ச ரூபாய் கிடைக்கும். கடன் 18 லட்சம். மீதிப் பதினாறுக்கு அவர் உடம்பும் அந்த ஒரு மாத்திரையும்தான் ஜாமீன்.

கூடவே ஒரு காரியம் செய்தார். என்னை மறுத்த கணக்கு எது என்று கேட்டுக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டிருக்கிறார். இதுவரை பதில் இல்லை.

வீடு மட்டம் வந்துவிட்டது. அடுத்து கான்கிரீட். பால் காய்ச்சும் அன்றைக்குக் குடும்பத்தோடு போவதாக இருக்கிறேன். நான் செய்வதை வாசலில் உட்கார்ந்திருக்கிறவர் நோட்டில் எழுதிக்கொள்வார். என் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் திருப்பிச் செய்ய தம்பி இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் எழுதப்படுகிறது அந்தக் கணக்கு.

அதற்காக அவரிடம் நான் எந்த ஃபார்மையும் நீட்டப்போவதில்லை.