கவனித்து உண்ணுதல்: சுவையும் பசியும்

உண்ணும்போது உணவையே கவனித்தல் அறமா, நுகர்வா என்னும் வினா இன்று புதுவடிவில் எழுகிறது. வழிகாட்டி ஒருவர் சொல்லச்சொல்ல, ஒரு கவளத்தின் நிறம், மணம், ஊறு, ஒலி, சுவை ஆகியவற்றை ஒவ்வொன்றாக உணர்ந்து உண்ணும் கட்டண விருந்துகள் பெருகியுள்ளன. இவற்றின் வேர்களுள் ஒன்று மருத்துவம் சார்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979இல் ஜான் கபாட்-சின் தொடங்கிய மன அழுத்தத் தணிப்புப் பயிற்சியில், ஓர் உலர்திராட்சையை நோக்கி, முகர்ந்து, மெல்ல மென்று உண்பது தொடக்கப் பாடமாக அமைந்தது. நாள்பட்ட வலியால் வருந்தியோர்க்கான பயிற்சி அது, சுவைவிருந்து அன்று.

கபாட்-சின் இதனைப் பௌத்தத் தியான மரபிலிருந்து வகுத்தார். ஆனால் பாலி மரபில் உணவுபற்றிய கவனம் சென்ற திசை வேறு. சதிபட்டான சுத்தம் உண்ணல், பருகல், மெல்லல், சுவைத்தல் ஆகியவற்றைத் தெளிந்த அறிவோடு செய்யச் சொல்கிறது. சம்யுத்த நிகாயத்து உவமை ஒன்று, பாலைவழியில் உணவற்ற பெற்றோர் தம் ஒரே மகனின் ஊனை உண்டு கடந்ததைக் கூறி, உணவை அவ்வாறே நோக்குமாறு பணிக்கிறது. சுவையின் பிடியைத் தளர்த்துவதே அங்கு நோக்கம். அதே கவனம் இன்று சுவையைப் பெருக்கும் கருவியாயிற்று.

இம்மாற்றத்தைச் சீரழிவு என்று ஒதுக்குவது எளிது, பொருந்தாது. சுவையறிதல் இழுக்கன்று என்பதற்குக் கூடலூர்கிழாரின் குறுந்தொகைப் பாடல் (167) சான்று. தயிர் பிசைந்த விரலை ஆடையில் துடைத்து, தாளிப்புப் புகை கண்ணில் படியத் தலைவி தானே அட்ட புளிக்குழம்பைக் கணவன் இனிதென உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. அச்சுவையறிதல் சமைத்தவளுக்குச் சேரும் மறுமொழி. வழிகாட்டப்படும் விருந்திலோ கண்ணை மூடச் சொல்கிறார்கள். சமைத்தவர் அடுக்களையில் இருக்கிறார். கவனம் உண்பவரின் நாவோடு நின்றுவிடுகிறது. குறை கவனத்தில் இல்லை, அது நின்றுவிடும் இடத்திலேயே உள்ளது எனலாம்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. 1999இல் சூரிச் நகரில் தொடங்கிய இருள் உணவகத்தில் பார்வையற்றோரே பரிமாறுகின்றனர். பார்வையுடையவர் அவர் தோளைப் பற்றி நடந்து இருக்கையை அடைகிறார். சுவை கூர்மையாவது அங்கு நிகழலாம், நிகழாமலும் போகலாம். தான் பிறரைச் சார்ந்திருப்பதை மட்டும் உண்பவர் அறியாமல் இருத்தல் அரிது.

தமிழில் பௌத்தம் உணவை எண்ணிய பெருநூல் மணிமேகலை. அதில் காயசண்டிகையின் யானைத்தீ, எவ்வளவு உண்டும் அடங்காப் பசி. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவால் அது தணிந்தது. உண்டவளின் கவனம் அங்குப் பேசப்படவில்லை, இட்டவளின் அருளே பேசப்படுகிறது. நோய் நீங்கிய காயசண்டிகை தன் ஊர் திரும்புமுன், பசித்தோரும் பிணியுற்றோரும் தங்கும் உலக அறவிக்குச் செல்லுமாறு மணிமேகலைக்கு வழிகாட்டுகிறாள்.