லென்ஸ் மட்டும் மலிந்தால் போதாது

கண்புரை அறுவைக்குப் பின் சோடாபுட்டிக் கண்ணாடியோடு தடுமாறிய தலைமுறையைக் கரையேற்றியது உள்விழி லென்ஸின் மலிவு விலைதான் என்பார்கள். பாதி உண்மை. 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் ஆரோலேப் ஆலையை நிறுவி, இறக்குமதியில் நூறு டாலர் அளவில் இருந்த உள்விழி லென்ஸைப் பத்து டாலருக்குள் இறக்கியது. ஆனால் மலிவான பொருள் நல்ல பொருளாகவும் இருக்க வேண்டுமே! கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது எளிய மக்களுக்குப் பாதுகாப்பானதா என்ற ஐயம் அன்று மருத்துவர்களிடமே இருந்தது. பார்வையிழந்த 3,400 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய மதுரை உள்விழி லென்ஸ் ஆய்வுதான் அந்த ஐயத்தைப் போக்கியது. 1998-ல் வெளியான அதன் முடிவுகளில் லென்ஸ் பெற்றவர்களின் பார்வையும் அன்றாட வாழ்க்கையும் மேலாக இருந்தன.

அரவிந்தின் வேகமான அறுவை முறையைப் பார்த்து, கண்ணை ஆலைச் சரக்குபோல வரிசையில் அனுப்பலாமா என்று கேட்பவர்களின் அச்சம் நியாயமானதே. ஆனால் இங்கே வேகம் கத்தி முனையில் இல்லை. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராகிறார். முடித்த மருத்துவர் அந்தப் பக்கம் திரும்புகிறார், அவ்வளவுதான். முன்னேற்பாடுகளைப் பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களில் பலர் சுற்றுக் கிராமத்தவர்கள். மிச்சமாவது காத்திருக்கும் நேரம், குறைவது மருத்துவரின் கவனம் அல்ல. வரிசையில் ஒரு கிருமி நுழைந்தால் பலரைத் தாக்கும் என்பதும் மெய்தான். அதனால்தான் இங்கே கருவிச் சுத்தமே முதல் வேலை.