நாற்பது வருஷத்துச் சாட்சி



நியாயாதிபதிகளின் புஸ்தகம் 5-ம் அதிகாரம் 6-ம் வசனத்தை வேதத்தைத் திறந்து ஒருமுறை வாசித்துவிட்டு இதைத் தொடருங்கள். தெபொராள் பாடுகிறாள். தன் தேசம் எவ்வளவு கெட்டுக் கிடந்தது என்று சொல்ல வருகிறாள். முதலாவது எதைச் சொல்கிறாள் பாருங்கள்: பாதைகளைச் சொல்கிறாள்! பெரிய பாதைகளில் ஆள் நடமாட்டமே இல்லையாம். ஜனங்கள் பயந்து பயந்து, சுற்று வழியாக, ஒளிந்து ஒளிந்து போனார்களாம். ஒரு தேசம் விழுந்துபோனதற்கு அடையாளம், அதன் பாதையில் நடக்க ஆள் இல்லாமற் போவது. இந்த வசனத்தைத் தியானிக்கும்போதெல்லாம் ஸ்காட்லாந்து தேசத்து மலைப்பாதை ஒன்று என் நினைவுக்கு வரும். அதன் சரித்திரத்தை இந்த மாதம் உங்களுக்குச் சொல்ல ஏவப்படுகிறேன்.

ஸ்காட்லாந்து நமக்கு முழுக்க அந்நிய தேசம் அல்ல. 1837-ல் சென்னையில் பள்ளிக்கூடம் திறந்த ஜான் ஆண்டர்சன் என்ற மிஷனரி அங்கேயிருந்து வந்தவர்தான். அந்தப் பள்ளிக்கூடம் வளர்ந்துதான் பிற்காலத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. அவருடைய தேசத்தின் நடுப்பகுதியில் கெய்ர்ன்கார்ம்ஸ் என்ற மலைக்கூட்டம் இருக்கிறது. நம் ஊர் மலைகளோடு ஒப்பிட்டால் உயரம் ஒன்றும் பெரிதில்லை. அங்கே உள்ள பென் மக்டூயி சிகரம் 1,309 மீட்டர்தான், ஊட்டியைவிடத் தாழ்வு. ஆனால் உயரத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதேயுங்கள். வடதுருவத்துக்குக் கிட்டின தேசம் அது. கோடையிலும் காற்றும் மூடுபனியும் திடீரென்று இறங்கும், குளிர்காலத்தில் மேடெல்லாம் ஒரே வெண்பனி.

இந்த மலைகளின் தெற்கு ஓரத்தில் கிளென் டால் என்ற பள்ளத்தாக்கு உண்டு. கார் போகிற ரோடு அங்கே முடிந்துவிடும். அதற்குமேல் கால்நடைதான். முதலில் காடு. இரு பக்கமும் ஊசியிலை மரங்கள், கீழே இரைச்சலோடு ஓடுகிற வெள்ளாறு. காட்டைத் தாண்டினால் மரம் கிடையாது, பாறைச் சரிவில் செங்குத்தான ஏற்றம். ஏறி முடித்தால் 900 மீட்டருக்கும் மேலே ஒரு பெரிய பொட்டல்வெளி. புல்லும், ஹெதர் என்கிற ஊதாப் பூச்செடியும், காலை வாங்குகிற கறுப்புச் சேறும்தான் அங்கே. பிறகு காலட்டர் என்ற ஏரிக்கு இறங்கி, பிரேமார் என்ற ஊருக்குப் போய்ச் சேரலாம். மொத்தம் சுமார் 22 கிலோமீட்டர். இதற்கு 'ஜாக்ஸ் ரோடு' என்று பெயர். ரோடு என்று சொன்னாலும் தாரும் இல்லை, ஜல்லியும் இல்லை. ஒரு காலடித் தடம். அவ்வளவுதாங்க!

அந்தத் தடத்தை உண்டாக்கினது யார்? எந்த அரசாங்கமும் போடவில்லை. மேய்ப்பர்கள் உண்டாக்கினார்கள்! பிரேமார் பக்கத்திலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே சந்தைக்குப் போகிற மேய்ப்பர்களும் வியாபாரிகளும், தகப்பன் நடந்த தடத்திலே மகனும், மகன் நடந்த தடத்திலே பேரனுமாக நடந்து நடந்து உண்டான பாதை அது. (மேய்ப்பன் என்ற வார்த்தையைக் கேட்டாலே தேவபிள்ளைக்கு இருதயம் துள்ளுமே!)

இப்படியிருக்க, டங்கன் மக்ஃபர்சன் என்பவர் ஆஸ்திரேலியாவில் ஐசுவரியம் சம்பாதித்துத் திரும்பி வந்து, இந்தக் கிளென் டால் நிலம் முழுவதையும் விலைக்கு வாங்கினார். அந்நாட்களில் செல்வந்தர்கள் மலைகளை வாங்கி, மான் வேட்டைக்காக ஜனங்களை வெளியே நிறுத்துவது வழக்கமாயிருந்தது. அவரும் சொன்னார்: "இது என் நிலம், இந்த வழியாக ஒருத்தரும் போகக் கூடாது." பத்திரம் அவர் கையில். பணமும் அவர் கையில். ஏழை மேய்ப்பனுக்கு என்ன இருக்கிறது? கையில் ஒரு கோல், பின்னாலே ஒரு நாய்!

ஆனால் ஜனங்களுடைய பாதை உரிமைக்காக 1845-லிருந்தே ஸ்காட்லாந்தில் ஒரு சங்கம் இருந்தது. 1885-ல் அந்தச் சங்கத்தார் இந்த மலைகளில் வழிகாட்டிப் பலகைகள் நாட்டப் புறப்பட்டார்கள். கிளென் டாலிலே மக்ஃபர்சன் எதிர்த்து நின்றார். வழக்கு எடின்பரோ நீதிமன்றத்துக்குப் போயிற்று. அங்கே தோற்ற அவர் லண்டனில் பிரபுக்கள் சபைவரைக்கும் போனார். 1888-ல் அங்கேயும் தோற்றார். பாதை ஜனங்களுக்கே என்று தீர்ப்பாயிற்று. வழக்குச் செலவோ இரண்டு தரப்புக்கும் தாங்க முடியாத பாரமாயிற்று.

எந்த ஆதாரத்தைக் காட்டி ஜெயித்தார்கள்? இதைக் கவனமாய்க் கேளுங்கள். பத்திரம் இல்லை. வரைபடத்தில் கோடு கிழித்திருந்தால் மாத்திரம் போதாது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி அந்நாளில் ஒரு பாதை பொதுப்பாதை என்று நிரூபிக்க, நாற்பது வருஷம் ஜனங்கள் அதில் தடையில்லாமல் நடந்து வந்திருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். (பின்னாளில் 1973-ம் வருஷத்துச் சட்டம் அதை இருபது வருஷமாக்கிற்று.) அப்படியானால் யார் சொல்ல முடியும்? வயசானவர்கள்தான் சொல்ல முடியும்! ஆடு ஓட்டின கிழவர்கள் நீதிமன்றத்தில் ஏறி நின்று, "நான் நடந்தேன், என் சின்ன வயசிலிருந்தே நடந்தேன், என்னை ஒருவரும் தடுக்கவில்லை" என்று சாட்சி சொன்னார்கள். அந்தப் பாதைக்குப் பெயர் கொடுத்த ஜாக் என்பவரும் அந்தப் போராட்ட காலத்து மனுஷர்தான் என்பார்கள். கோடீஸ்வரனுடைய பத்திரம் ஒரு பக்கம், கிழவனுடைய காலடி மறுபக்கம். தராசு எந்தப் பக்கம் தாழ்ந்தது? அல்லேலூயா!

நாற்பது வருஷம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? உபாகமம் 8-ம் அதிகாரத்தில் மோசே அந்தக் கடைசிப் பிரசங்கத்தை யாருக்குச் செய்கிறான்? வனாந்தரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு. கர்த்தர் நடத்தின வழி முழுவதையும் மறந்துபோகாதேயுங்கள் என்று கெஞ்சுகிறான். நாற்பது வருஷமாய் உடுப்பு கிழியவில்லை, கால் வீங்கவில்லை என்று ஒவ்வொன்றாய் எடுத்துச் சொல்கிறான். ஏன்? இவன் இன்னும் கொஞ்ச நாளில் நேபோ மலையில் மரித்துப்போவான். அதற்குப் பிறகு சாட்சிக்கு யோசுவா, காலேப் என்று இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள்.

ஈசாக்கின் காரியத்தையும் பாருங்கள், ஆதியாகமம் 26. அப்பா ஆபிரகாம் வெட்டின துரவுகளைப் பெலிஸ்தர் மண் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். ஈசாக்கு போய் அதே துரவுகளைத் திரும்பத் தோண்டி, அப்பா வைத்த பேர்களையே வைக்கிறான். எங்கே தோண்ட வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? மேலே மண் மூடிக் கிடக்கிறதே! காட்டிக்கொடுக்க வீட்டில் ஒரு பழைய வேலைக்காரனாவது இருந்திருக்க வேண்டும். "தம்பி, இங்கேதான், இந்த மேட்டுக்குப் பக்கத்தில்தான் உங்க அப்பா வெட்டினார்" என்று சொல்லியிருக்க வேண்டும். வேதத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை, என் யோசனைதான்.

பிரியமானவர்களே, இங்கே உபதேசத்தைச் சரியாய்ப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இருபது வருஷம் ஒருவருமே நடக்காவிட்டால், பொதுப்பாதையின் உரிமை அற்றுப்போகக் கூடும். பரலோகத்தின் சட்டம் அப்படியல்ல! எபிரெயர் 10-ம் அதிகாரத்தில் சொல்லப்பட்ட அந்த ஜீவனுள்ள மார்க்கம் இரத்தத்தினாலே திறக்கப்பட்டது. நீ இருபது வருஷம் பின்மாறிப் போயிருந்தாலும், முப்பது வருஷம் முழங்கால் போடாதிருந்தாலும், அது அடைபடவில்லை. இன்றைக்கு ராத்திரியே வரலாம். பிசாசு பத்திரத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்பாதே!

ஆனாலும் உரிமை வேறே, தடம் வேறே. 2003-ம் வருஷத்துச் சட்டத்தினால் ஸ்காட்லாந்தில் அநேகமாய் எல்லா மலையிலும் காட்டிலும் பொறுப்போடு நடந்துபோக எவருக்கும் உரிமை உண்டு. சந்தோஷம். ஆனால் அந்தப் பொட்டல்வெளியில் மூடுபனி இறங்கிவிட்டால் உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? நடப்பார் இல்லாத தடத்தை ஹெதர் செடி மூடிவிடும், சேறு விழுங்கிவிடும். முன்னே நடந்தவர்கள் அடுக்கி வைத்த கற்குவியலைப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். 1959-ம் வருஷம் ஜனவரி 1-ம் தேதி ஐந்து பேர் பிரேமாரிலிருந்து இதே பாதையில் கிளென் டாலுக்குப் புறப்பட்டார்கள். நடுவழியில் பனிப்புயல். ஒருவரும் உயிரோடு வந்து சேரவில்லை. பனி உருகத் தொடங்கின பிறகுதான் சிலருடைய சரீரங்கள் கிடைத்தன. அதற்குப் பிறகு, அந்தப் பகுதி மனிதர் ஒருவர் பாதையோரத்தில் கல்லும் புல்கரணையும் வைத்து, மண்ணுக்குள் பாதி புதைந்தாற்போல ஒரு சிறிய தங்குமிடத்தைக் கட்டினார். இன்றைக்கும் இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுமில்லை, குனிந்துதான் உள்ளே போக வேண்டும். புயலில் அகப்பட்டவனுக்கு அது அரண்மனை.

இப்போது உன் வீட்டைப் பார், சகோதரனே. கர்த்தரிடத்தில் போக உன் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது, சந்தேகமில்லை. தடம் இருக்கிறதா? வியாதி வந்தால் எங்கே போய் அழுவது, கடன் வந்தால் எந்த மூலையில் முழங்கால் போடுவது என்று அது எப்பொழுதாவது பார்த்திருக்கிறதா? நம்முடைய தாய்மார்கள் விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து, தலையில் முக்காடு போட்டு, சத்தமில்லாமல் அழுது ஜெபிப்பார்கள். பாயில் படுத்தபடியே அதைக் கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். நம் பிள்ளை எதைக் கேட்டு வளருகிறது? அலாரத்தை அமர்த்திப் போடுகிற சத்தத்தையா? கன்வென்ஷன் வந்தால் குடும்பமாய்ப் போகிறோம், கை தட்டுகிறோம், நல்லதுதான். வருஷத்துக்கு மூன்று நாள் நடந்தால் தடம் விழுமா? சொல்லுங்க!

பிரேமாரைத் தாண்டி மேற்கே கொஞ்சதூரம் போனால் மார் லாட்ஜ் என்ற பெரிய எஸ்டேட் இருக்கிறது. 29,000 ஹெக்டேருக்கு மேல். அதிலே ஆதிகாலத்துப் பைன் காட்டின் மிச்சம் உண்டு. இருநூறு வயதைத் தாண்டின மரங்கள் நின்றன. பார்க்கிறவர்கள் 'ஆகா, என்ன அழகான காடு' என்பார்கள். விஷயம் தெரிந்தவர்களோ துக்கப்பட்டார்கள். ஏனென்றால் கிழட்டு மரங்கள் மாத்திரம் நின்றன, கன்றுகள் இல்லை! விதை விழாமல் இல்லை. விதை விழுந்தது, முளைத்தது, ஆனால் முளைத்ததையெல்லாம் மான்கள் கடித்துப்போட்டன. ஓநாய்கள் அழிந்துபோன தேசத்தில், வேட்டை விளையாட்டுக்காக மான்களைப் பெருகவிட்டதின் பலன் இது. எந்த மான்களுக்காகப் பாதைகளை அடைத்தார்களோ, அதே மான்கள் அடுத்த தலைமுறைக் காட்டையும் தின்றுகொண்டிருந்தன. 1995-ல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை அந்த இடத்தை எடுத்துக்கொண்டு, பலத்த எதிர்ப்பின் நடுவிலும் மான்களின் தொகையைக் குறைத்தது. இப்போது அந்தப் பாதைகளில் நடக்கிறவர்கள், கிழ மரங்களைச் சுற்றி முழங்கால் உயரமும் ஆள் உயரமுமாய் இளம் பைன்கள் எழும்பி நிற்பதைப் பார்க்கிறார்கள். தேவபிள்ளையே, உன் வீட்டில் முளைக்கிறதைக் கடிப்பது எது என்று உனக்கே தெரியும். நான் பெயர் சொல்லி எழுத வேண்டியதில்லை.

வாலிபத் தம்பிமாரே, தங்கைமாரே, ஒரு வார்த்தை உங்களுக்கு. சபையில் பின்பெஞ்சில் உட்கார்ந்து இருமிக்கொண்டே 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்கிற அந்த வயதான தாயாரைப் பார்த்துச் சிரிக்காதேயுங்கள். நாற்பது வருஷத்துச் சாட்சி அவர்களிடத்தில்தான் இருக்கிறது. அந்த வழக்கு ஒரு தலைமுறை கழித்து வந்திருந்தால் அந்த மேய்ப்பர்களெல்லாம் கல்லறைக்குள் போயிருப்பார்கள். யாரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள்?

ஆகையால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவசரமாய்ப் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "பாட்டி, ரட்சிக்கப்பட்ட புதுசில் வீட்டில் அடிச்சாங்களா? எத்தனை மணிக்கு எழுந்து ஜெபிப்பீங்க? தாத்தா வேலையை இழந்த வருஷம் எந்த வாக்குத்தத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் வருஷத்தையும், இடத்தையும், வசனத்தின் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். கண் சரியாய்த் தெரியாதவர்களாயிருந்தால் எழுதினதைத் திரும்ப வாசித்துக் காட்டுங்கள். பிறகு, பாட்டிக்குப் பெலன் இருந்தால், அவர்கள் ஜெபிக்கிற நேரத்துக்கே ஒரு நாள் விடியற்காலம் போய், பக்கத்தில் முழங்கால் போடுங்கள்.