ஓயாத உச்சம்

கூட்டம் கேட்பதையெல்லாம் கொடுப்பவர் அதற்குப் பணி செய்கிறாரா, அதனை ஆள்கிறாரா? இவ்வினா மேடைப் பேச்சாளருக்கு மட்டும் உரியதன்று. இசைத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இழைத்து இரவெல்லாம் மக்களை ஆடவைக்கும் டிஜே எனும் கலைஞருக்கும் உரியது.

1979இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 கருவியில் தட்டின் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் இயன்றது. இரு பாடல்களின் தாளத்தை ஒன்றாக்கி, இடைவெளியின்றி இசையை நீட்டுவது எளிதாயிற்று. மெல்லொலியையும் உரத்த ஒலியையும் ஏறக்குறைய ஒரே மட்டத்திற்குக் கொணரும் ஒலிப்பதிவு முறை 1990களில் மேலோங்கியது. இவ்விரண்டும் கூடினால் முதற்பாடலும் உச்சம், கடைசிப் பாடலும் உச்சம் என்றாகிவிடலாம். காது களைத்துப்போகிறது, ஒப்பிட மென்மை இல்லாதபோது உரத்ததும் உரத்ததாகத் தோன்றுவதில்லை. எனவே இன்னும் உரக்க வேண்டியிருக்கிறது!

குற்றம் திரும்பத் திரும்ப வருவதில் இல்லை. தாலாட்டும் அப்படித்தான் வருகிறது. ஆனால், தாலாட்டுபவள் குழந்தையின் கண்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறாள்.

நியூயார்க்கில் டேவிட் மன்குசோ 1970இல் தம் இல்லத்திலேயே தொடங்கிய 'லாஃப்ட்' விருந்துகளை இங்கு எண்ணிப் பார்க்கிறோம். அமைதியில் தொடங்கி, கொண்டாட்டத்தின் உச்சம் தொட்டு, ஆடியவர்கள் தம் அன்றாட வாழ்வுக்குத் திரும்பத்தக்கவாறு அவை மெல்ல இறங்கும். பிற்காலத்தில் அவர் பாடல்களைக் கலப்பதையே விட்டுவிட்டார். இயற்றியவரின் படைப்பில் கைவைக்கலாகாது எனக் கருதி, ஒவ்வொன்றையும் முதலிலிருந்து முடிவுவரை ஒலிக்கவிட்டார். இடையே அமைதி விழுந்தாலும் கவலைப்படவில்லை. அவர் சிறுவயதில் யூட்டிகா நகரில் கன்னியர் நடத்திய ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர். அங்கே ஓர் அருள்சகோதரி இசைத்தட்டுகளும் பலூன்களுமாகப் பிள்ளைகளுக்கு விருந்து வைத்தார் என்று அறியும்போது நமக்கு வியப்பு ஏதும் எழவில்லை.

இது கேட்போருக்குப் பாடம் நடத்தும் செருக்கல்லவா என்று கேட்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. மெல்லிய பாடல் ஒலிக்கையில் சிலர் ஆடுகளத்தைவிட்டு விலகுவர், தண்ணீர் அருந்துவர், அருகில் நிற்பவரிடம் இரு சொல் பேசுவர், சிலர் வீட்டுக்கே சென்றுவிடுவர். ஓயாத உச்சம் இவர்களுக்கு அந்த வாய்ப்பைத் தருவதில்லை. களம் வெறுமையாகிவிடுமோ என்ற அச்சமே பல வேளைகளில் ஒலியை உயர்த்துகிறது என எண்ணுகிறோம். இரவு முழுவதையும் தம் கையில் பெற்றவர் அந்த அச்சத்தைத் தாங்கலாம். பெருவிழா மேடையில் ஒரு மணி நேரமே பெற்றவரிடம் அதை எதிர்பார்ப்பது கடினம். அடுத்தவர் ஏற்கெனவே மேடையோரம் வந்து நிற்கிறார்.