பீப்பாயின் அடியில் சாவி

போர்ச்சுகலில் டோரோ நதிச் சரிவுகளின் பழைய தோட்டங்களில் பல திராட்சை வகைகளைக் கலந்தே நட்டார்கள். ஒரு வகை பொய்த்தால் இன்னொன்று காப்பாற்றும் என்பது குடியானவனின் கணக்கு. எல்லாவற்றையும் ஒன்றாய்ப் பறித்து ஒரே தொட்டியில் மிதிப்பார்கள். 1981-ல் ஐந்து வகைகள் சிறந்தவையென்று ஆய்வாளர்கள் தேர்ந்து சொன்னபின், வகைவாரியாகப் பிரித்து நடுவது பரவிற்று. மிஞ்சிய கலவைத் தோட்டம் ஒன்றிலிருந்து சிறு விவசாயி ஒருவன் செய்த, மலிவான சிவப்பு ஒயினைச் சுவைப்பவன் முதலில் கேட்பது: இது என்ன திராட்சை? ஒற்றைப் பதில் இல்லை. நாவற்பழத் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கிறது, பிறகு புளிப்பு. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லத் தயக்கம்.

2008-ல் வெளியான கலிஃபோர்னிய ஆய்வொன்றில் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் ஒயினே அதிகம் பிடித்தது. மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதியும் கூடுதலாக இயங்கிற்று. அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் சங்கடம். இன்பம் நிஜம், காரணம் கோப்பைக்கு வெளியே.

பெயரை அகற்றிவிட்டால் போதுமா? ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் ஆசிரியர் பெயரற்ற கவிதைகளைக் கொடுத்தார். 1929-ல் வந்த அவர் நூலில் நாம் காண்பது விடுதலை பெற்ற வாசகர்களை அல்ல, தடுமாறுகிறவர்களை.

டேவிட் ஹியூம் 1757-ல் எழுதிய கட்டுரையில், டான் கிஹோத்தேயின் சாஞ்சோ சொல்லும் கதை வருகிறது. அவன் உறவினர் இருவர் ஒயினைச் சுவைத்து, நல்லதுதான், ஆனால் லேசாகத் தோல் வாடை என்றான் ஒருவன். இரும்பு என்றான் மற்றவன். ஊர் சிரித்தது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வாரில் கட்டிய பழைய சாவி. ரசனைக்கு அளவுகோல் உண்டு என்பதற்கு ஹியூமுக்கு இது சான்று. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. சாவி நிரூபித்தது தோலையும் இரும்பையும் மட்டுமே. நல்லது என்றும் இருவரும் சொன்னார்களே, அதற்கு எந்தப் பீப்பாயின் அடியிலும் சாட்சி கிடைக்காது. குறை கண்டவனுக்குச் சாவி கிடைக்கலாம்; நன்று என்பவன் தன்னையே பிணை வைக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு அஞ்சித்தான் விலையைப் பிணை வைக்கிறோம். பெயர்பெற்றவனின் சாதாரண வரியில் ஆழம் காண்கிறோம். முகந்தெரியாதவனின் நல்ல வரிக்கு வேறு யாராவது முதலில் வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கிறோம். இந்தக் காத்திருப்பு நமக்கு வெறும் ஜாக்கிரதை. அவனுக்கோ, கொடியை வைத்துக்கொள்வதா பிடுங்கிவிடுவதா என்ற கேள்வி.

சுத்தமான நாக்கு யாருக்கும் வாய்க்காது. விலை தெரியுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தெரிந்தபின் அதை மாற்றினால், ஏன் மாற்றினோம் என்று தனக்காவது சொல்லிக்கொள்ள வேண்டும்.