முதலாளிக்குச் சொல்வதா, சும்மா விடுவதா?



ஆண்டின் பொதுக்காலம் 23ஆம் ஞாயிறன்று, முதலாம் வருட ஒழுங்கின்படி, திருச்சபை இரண்டு வாசகங்களைச் சேர்த்து எம்முன் வைக்கின்றது. ஒன்று எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தில் வரும் காவற்காரனைப் பற்றியது. தீயவழியிற் செல்பவனை எச்சரியாமல் விட்டால் அவனது அழிவுக்குக் காவற்காரனும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று இறைவன் தீர்க்கதரிசிக்கு உணர்த்துகின்றார். மற்றது மத்தேயு 18:15-20. தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போகவேண்டும், கேளாவிட்டால் இன்னும் ஓரிருவருடன் போகவேண்டும், அதற்குப் பின்னரே சபைக்கு அறிவிக்கவேண்டும் என்று எமதாண்டவர் வகுத்த ஒழுங்கு அது. இவ்வாசகங்களைப் பற்றிப் பிரசங்கிக்கும் குருக்கள் வழக்கமாகக் குடி, குடும்பப் பிரிவு, காணிச் சண்டை ஆகியவற்றையே உதாரணமாக எடுப்பார்கள். அவை வேண்டியவையே. ஆயினும் ஆண்டவருடைய இவ்வொழுங்கு தேங்காயெண்ணெயில் வழுக்கி விழுந்த ஒரு சின்னக் காரியத்துக்கும் பொருந்துமா என்று பார்த்தால் அதன் ஆழம் இன்னும் நன்றாக விளங்கும்.

நடந்தது இதுதான். ஒரு தாயார் சனிக்கிழமை பின்னேரம் பட்டினத்துப் பலசரக்குக் கடையொன்றுக்குப் போயிருக்கின்றார். எண்ணெய்ப் பீப்பா வைத்திருந்த மூலையில் நிலம் எண்ணெய்ப் பசையாக இருந்தது. கால் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை. முழங்காலில் கண்டல், கைமணிக்கட்டில் சுளுக்கு, பையிலிருந்த பத்து முட்டைகளில் ஆறு உடைந்தன. கடையில் நின்ற பொடியன் ஓடிவந்து தூக்கிவிட்டு, தண்ணீர் கொடுத்து, சேலையைத் துடைக்கத் துணியும் கொடுத்தான். பின்பு மெல்லிய குரலில், "அம்மா, முதலாளியிட்டைச் சொல்லிப் போடாதேங்கோ, என்னை வேலையாலை நிப்பாட்டிப் போடுவார்" என்றான்.

வீட்டில் இரண்டு கட்சி. "நாளைக்கே போய் நாலு கேள்வி கேட்டுப் போட்டு வாறன்" என்றார் கணவர். "விழுந்தது நீ பாத்து நடக்காததாலை. கொப்பியிலை கடன் எழுதிச் சாமான் தாற கடைக்காரரோடை பகைச்சு என்ன காணப்போறியள்?" என்றார் மாமியார். மறுநாள் பூசை முடிந்ததும் அந்தத் தாயார் எம்மிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி: "பாதர், சொன்னால் பாவமோ, சொல்லாமல் விட்டால் பாவமோ?"

இக்கேள்வியைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருக்கலாம். ஆறு முட்டைக்கும் ஒரு சுளுக்குக்கும் இவ்வளவு மனச்சாட்சி விசாரணையா என்று நினைப்பார்கள். ஆனால் எமது வாழ்வின் பெரும்பகுதி இப்படியான காரியங்களாலேயே ஆனது. வேதசாட்சியாக மரிக்கும் சந்தர்ப்பம் எம்மிற் பலருக்கு வரப்போவதில்லை. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்வதா விடுவதா என்ற சந்தர்ப்பம் மாதத்துக்கு ஒருமுறையாவது வருகின்றது.

முதலில், சும்மா விடுவதே கிறிஸ்தவப் பொறுமை என்று எண்ணுபவர்களின் நியாயத்தைப் பார்ப்போம். மறு கன்னத்தையும் காட்டும்படி ஆண்டவர் மலைப்பிரசங்கத்திற் போதித்தாரே என்பார்கள். உண்மை. ஆனால் அதே ஆண்டவர் பிரதான குருவின் முன் விசாரிக்கப்பட்டபோது, சேவகனொருவன் அவரைக் கன்னத்தில் அறைந்தான். அப்போது அவர் செய்ததை அருளப்பர் 18ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கின்றார். அவர் திருப்பி அடிக்கவில்லை. பேசாமலும் இருக்கவில்லை. தாம் பேசியது பிழையானால் அதை எடுத்துக் காட்டும்படியும், சரியானால் ஏன் அடித்தாய் என்றும் அவனிடமே நேராகக் கேட்டார். அடுத்த நாள் சிலுவையில் தொங்கியபடி தமது பகைவர்களுக்காக மன்னிப்பு வேண்டிய அதே திருவாய்தான் இந்தக் கேள்வியையும் கேட்டது. ஆதலால் மன்னிப்பதும் குறையை எடுத்துச் சொல்வதும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல.

அந்தத் தாயார் தமது முழங்கால் நோவை மன்னிக்கலாம், அது அவருடையது. ஆறு முட்டையையும் வேண்டாமென்று விடலாம், அவையும் அவருடையவை. ஆனால் திங்கட்கிழமை அதே மூலையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணோ, இடுப்பெலும்பு தேய்ந்த ஒரு பாட்டியோ விழப்போகும் விழுகையை மன்னிக்க அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்? வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் வீடு முழுவதும் எவ்வளவு அல்லற்படும் என்பது நோயில்பூசுதல் கொடுக்கப் போகும் குருக்களுக்குத் தெரியும். சிலர் அந்தக் கட்டிலை விட்டு எழும்புவதேயில்லை.

யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் ஒரு பழைய சட்டம் இருக்கின்றது. அதை நாம் வாசிக்கும்போது மாடுகளைப் பற்றிய சங்கதி என்று தாண்டிப் போய்விடுகின்றோம். ஒருவனுடைய மாடு முதன்முறை ஒருவரை முட்டிக் கொன்றால் மாட்டைக் கொல்ல வேண்டும். ஆனால் சொந்தக்காரன் குற்றவாளியல்ல. அம்மாடு முன்பே முட்டும் மாடாக இருந்து, அதுபற்றிச் சொந்தக்காரனுக்கு அறிவித்தும் அவன் அதைக் கட்டி வைக்காமல் விட்டிருந்தால், அவன்மேல் மரண தண்டனைக்குரிய பழி. கவனித்தீர்களா? இரண்டு நிலைமைக்கும் நடுவில் நிற்பது ஒரேயொரு காரியம்: யாரோ ஒருவர் போய்ச் சொல்லியிருக்கின்றார். "உங்கட மாடு முட்டுது, கட்டி வையுங்கோ" என்று அயலவர் ஒருவர் அந்த வீட்டுப் படலையைத் தட்டியிருக்கின்றார். அவருடைய பெயர் சட்டத்தில் இல்லை. ஆனால் அவர் போய்ச் சொல்லியிராவிட்டால் அந்தச் சட்டத்துக்கே இடமில்லை. அறியாத முதலாளியை அறிந்த முதலாளியாக்குபவர் முறைப்பாடு செய்பவரே. அவ்வகையில் முறைப்பாடு முதலாளியின் ஆன்மாவுக்குச் செய்யும் உதவியுமாகும். அயலவனைக் கடிந்துகொள்ளாமல் விட்டால் அவன் பாவத்தில் எமக்கும் பங்குண்டு என்று லேவியராகமம் 19:17 போதிப்பதும் இதையொட்டியே.

நிற்க. பொடியனின் காரியம் என்ன? அந்தத் தாயாரின் மனத்தை உண்மையில் அரித்தது இதுதான். சொன்னால் அவனுடைய வேலை போகும். அவனுடைய சம்பளத்தை நம்பித் தாயும் இரண்டு தங்கச்சிமாரும் இருக்கின்றார்களாம். ஒரு பாட்டியின் இடுப்பைக் காப்பாற்ற ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுப்பை அணைப்பதா?

நாம் அவரிடம் கேட்டோம்: "அம்மா, எண்ணெய் எப்பிடி நிலத்திலை வந்தது?"

அதை அவர் அறிந்தே வைத்திருந்தார். பீப்பாவின் குழாய் ஒரு மாதமாக ஒழுகுகின்றது. பொடியன் முதலாளியிடம் இரண்டுமுறை சொல்லியிருக்கின்றான். "பிறகு பாப்பம்" என்பதே மறுமொழி. அவன் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை துடைக்கின்றான். சனிக்கிழமைச் சனத்துக்குள் மூன்றாம் முறை துடைக்க முடியவில்லை.

அப்படியானால் காரியம் முற்றிலும் வேறு. "உங்கட பொடியன் நிலம் துடைக்கிறேல்லை" என்று முறைப்பாடு செய்தால் அது பொய்ச்சாட்சிக்குப் பக்கத்தில் நிற்கும். அவன் வேலை போகும், குழாய் ஒழுகிக்கொண்டேயிருக்கும். "உங்கட பீப்பாக் குழாய் ஒழுகுது, அதாலை நான் விழுந்தனான், இன்னொருவர் விழ முன்னம் மாத்துங்கோ" என்று சொன்னால் அது உண்மை. அதுமட்டுமல்ல, பொடியன் இரண்டுமுறை சொல்லியும் ஏறாத வார்த்தை, கொப்பியில் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர் சொன்னால் ஏறும். பேச வாயில்லாதவர்களுக்காக வாய்திறக்கும்படி நீதிமொழிகள் ஆகமம் கேட்கின்றது. வாய் இருந்தும் அவனுடைய வார்த்தைக்கு மதிப்பில்லாத நிலையில் அந்தப் பொடியன் இருந்தான். தாயார் பேசாமலிருந்தால் அவனைக் காப்பாற்றுவதாக அவருக்குத் தோன்றும். ஆனால் அடுத்து விழுபவர் பெரிய காயப்பட்டால் முதலாளியின் கோபம் யார் தலையில் விழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

எப்படிச் சொல்வது என்பதிலும் நீதி இருக்கின்றது. அர்ச். தோமஸ் அக்குவீனாஸ் தமது இறையியற் பெருநூலின் இரண்டாம் பாகத்தில், 33ஆம் வினாவில், சகோதரத் திருத்தம் பிறர்சிநேகத்தின் செயல் என்று நிறுவுகின்றார். தனியே சொல்வது முதற்படி என்று ஆண்டவரைப் பின்பற்றிச் சொன்னபின், ஒரு விலக்கையும் சேர்க்கின்றார்: மறைவான குற்றமானாலும் அது பிறருக்குக் கேடு விளைக்கப்போவதாயின், தனியே சொல்வதால் அக்கேடு தடுக்கப்படும் என்ற உறுதியில்லாவிட்டால், உடனே உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அவருடைய உதாரணம் ஊரைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுப்பவன். எங்களுடைய எண்ணெய்ப் பீப்பா அவ்வளவு தூரம் போகாது. தனியே சொன்னாற் போதும்.

ஆனால் எம்மவர் பலர் செய்வது என்ன? முதலாளி ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் சொல்வார்கள். பஸ் தரிப்பில், கோயில் வாசலில், இக்காலத்தில் முகநூலில், படத்துடன். கைமணிக்கட்டுச் சுளுக்கு மூன்றாம் வாயில் முறிவாகிவிடும். திருத்தக்கூடியவரிடம் சொல்லாமல், திருத்த முடியாதவர்களிடமெல்லாம் சொல்வதற்குத் திருச்சபை வைத்திருக்கும் பெயர் புறங்கூறல். சொல்வது உண்மையாயிருந்தாலும் தகுந்த காரணமின்றிப் பிறர் குறையைப் பரப்புவது பாவமே. நட்டஈடு கூடுதலாகக் கிடைக்குமென்று நோவைப் பெருப்பித்துக் காட்டுவதோ பொய்யும் களவும் சேர்ந்தது.

அந்தத் தாயார் திங்கட்கிழமை காலை, சனமில்லாத நேரம் பார்த்துப் போனார். முதலாளி முதலில் சிரித்து மழுப்பினார். பின்பு பீப்பாவைப் போய்ப் பார்த்தார். ஆறு முட்டையின் காசை எடுத்து நீட்டினார். அதை வாங்குவதா என்று தாயாருக்குத் தயக்கம், வாங்கிக்கொண்டார். சரியே. நட்டத்தை ஈடுசெய்வது கொடுப்பவருக்கு நீதிக் கடமை. அதை நிறைவேற்ற அவருக்கு இடங்கொடுப்பதில் பேராசை எதுவுமில்லை. குழாய் அந்தக் கிழமையே மாற்றப்பட்டது. பொடியன் வேலையில் இருக்கின்றான். முதலாளி இரண்டு நாள் அவனோடு முகங்கொடுத்துப் பேசவில்லையாம்.

சின்ன விபத்தொன்றை முறைப்பாடு செய்யத் துணிந்த இன்னொரு பெண்ணை உலகின் சட்டக் கல்லூரிகளெல்லாம் அறியும். 1928ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆந் திகதி, ஞாயிறு மாலை, ஸ்கொத்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு சிற்றுண்டிக் கடையில், மே டொனகியூ என்ற பெண்ணுக்குச் சிநேகிதி ஒருவர் ஜிஞ்சர் பியர் வாங்கிக் கொடுத்தார். போத்தலின் மிகுதியை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று வந்ததாக அவர் முறையிட்டார். வயிற்று நோவுடன் வைத்தியம் செய்ய நேர்ந்தது. அவரும் ஒரு கடைச் சிப்பந்தியே. தமக்கு ஐந்து பவுண் பெறுமதியான சொத்துக்கூட இல்லையென்று சத்தியம் செய்து ஏழைகளுக்குரிய சலுகையில் வழக்கை நடத்தினார். 1932 மே 26ஆந் திகதி பிரபுக்கள் சபை நீதியரசர்கள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். வழக்கு பின்னர் சமாதானமாக முடிந்ததால் அந்த நத்தை சாட்சிகளைக் கொண்டு நிரூபிக்கப்படவேயில்லை என்பது வேறு கதை. எமக்கு முக்கியமானது, அட்கின் பிரபு தமது தீர்ப்புக்கு அடிப்படையாக எடுத்த கேள்வி. என் அயலான் யார் என்று லூக்காஸ் 10ஆம் அதிகாரத்தில் நியாயசாஸ்திரி ஆண்டவரிடம் கேட்ட கேள்வியே அது. என் செயலால் நேரே பாதிக்கப்படக் கூடியவர் என்று நான் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒவ்வொருவரும் சட்டத்தின் கண்ணில் என் அயலான் என்று அவர் கண்டார். போத்தலை அடைத்தவர் அதைக் குடிக்கப்போகும் பெண்ணின் முகத்தை ஒருநாளும் கண்டதில்லை. ஆயினும் அவள் அவருடைய அயலாள்.

எமது நாட்டின் தீங்குச் சட்டம் உரோமன்-டச்சுச் சட்டத்தில் வேரூன்றியது. கவனயீனத்தால் விளைந்த நட்டத்துக்கு அதிலும் பரிகாரம் உண்டு. காலாவதியான பொருள், பழுதான பொருள், கூடுதல் விலை ஆகியவற்றுக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். உணவுச் சுத்தத்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கின்றார். முதலாளி கேளாதபோது இவ்வழிகளை நாடுவது பகைமை அல்ல. மத்தேயு 18இன் இரண்டாம், மூன்றாம் படிகளைப் போன்றவையே இவை. ஆனால் முதற்படியை மிதியாமல் மூன்றாம் படிக்குப் பாய்வதை நாம் ஆதரிப்பதற்கில்லை.

கடை வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுவீடு கட்டுபவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று உபாகமம் 22:8 கற்பிக்கின்றது. ஒருவர் விழுந்தபின் எழுப்பும்படி அது சொல்லவில்லை. உங்கள் கடையில் ஒழுகுவது எது, உடைந்தது எது, சரியப்போவது எது என்பது உங்களிலும் பார்க்க உங்கள் பொடியன்மாருக்கு நன்றாகத் தெரியும். கடை பூட்டும் நேரத்தில் அவர்களைக் கேளுங்கள், சொன்னவனைக் கோபியாதீர்கள். மாரிமழையும் நத்தார் நெருக்கமும் ஒன்றாகவே வரும். அதற்கு முன்னர், வாசற்படியில் ஈரச் சாக்கு மடிந்து கிடக்கின்றதா, நடைபாதையில் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றனவா, பின்பக்க விளக்கு எரிகின்றதா என்று ஒருமுறை கடையைச் சுற்றி நடந்து பாருங்கள்.